லிஃப்ட் ஓய்வில் உள்ளது

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் மகளும் சுகம். என் முதுகு மட்டும் சுகமில்லை, அதன் காரணம் கீழே வரும். தங்கள் முழங்கால் இப்போது மடங்குகிறதா, புது மூக்குக் கண்ணாடி பழகிவிட்டதா என்று அறிய ஆவல். போனில் சொல்லாமல் இவ்வளவு தாள் செலவழிக்கிறேனே என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் வீடு இரண்டே அறை. போனில் பேசினால் தங்கள் மகள் காதில் விழும். விஷயமே தங்கள் மகளைப் பற்றியது. முப்பது வருடம் ஐம்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கி இலக்கணம் நடத்தியவர் தாங்கள். அவளைக் கண்டிக்கச் சொல்லவில்லை. கொஞ்சம் எடுத்துச் சொன்னால் போதும்.

என் வேலை என்னவென்று தங்களுக்கு முழுசாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. பெண் பார்க்க வந்தபோது “மாப்பிள்ளை சுகாதார அமைச்சகத்தில் இருக்கிறார்” என்றார்கள், தாங்களும் சரியென்று தலையாட்டிவிட்டீர்கள். நான் இருப்பது கேள்விப் பிரிவில். அவையில் உறுப்பினர்கள் அமைச்சரிடம் கேட்கும் கேள்வி முன்கூட்டியே எழுத்தில் எங்களுக்கு வரும். அதற்குப் பதில் எழுதுவது என் வேலை. அமைச்சர் பதிலை வாசித்து முடித்ததும் உறுப்பினர் சும்மா உட்கார மாட்டார், எழுந்து துணைக் கேள்வி கேட்பார். என்னவெல்லாம் கேட்கக்கூடும் என்று நானே யோசித்து, அதற்கும் குறிப்பு எழுதி அமைச்சர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. பெருமைக்காகச் சொல்லவில்லை மாமா, நான் எழுதிய பதிலில் இதுவரை ஒரு பொய் கிடையாது. அதே சமயம் அதைப் படித்து யாரும் எதையும் தெரிந்துகொண்டதும் கிடையாது. அது ஒரு பக்குவம், சட்டென்று வராது.

போன மாதம் எட்டாம் தேதி காலை என் மேசைக்கு ஒரு கேள்வி வந்தது. அப்படியே எழுதுகிறேன். (அ) பொது மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் உள்ள எலும்பு முறிவுப் பிரிவுக்குச் செல்லும் லிஃப்ட் பதினான்கு மாதங்களாக ஓடவில்லை என்பதை அமைச்சர் அறிவாரா. (ஆ) கால் முறிந்த நோயாளிகள் ஒரு மர நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கிச் செல்லப்படுவதும், அந்த நாற்காலிக்கே ஒரு கால் முறிந்து மாவுக்கட்டு போடப்பட்டிருப்பதும் உண்மையா. (இ) ஆம் எனில், அந்த அறுபத்தாறு படிகளை அமைச்சர் ஒருமுறையேனும் ஏறிப் பார்த்தாரா. (ஈ) இல்லை எனில், ஏன்?

(ஆ) வரை வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நாற்காலிக்கு மாவுக்கட்டு போட்டது யார்? தங்கள் மகள்தான். அந்தப் பிரிவின் நர்ஸ் அவள். ஆணி அடிக்க ஆள் கேட்டு ஒரு வாரம் காத்திருந்தும் ஆள் வராததால், மனிதருக்குப் போடுகிற மாதிரியே நாற்காலிக் காலுக்குப் போட்டுவிட்டதாக வீட்டில் வந்து சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. லிஃப்ட் கதையைப் பதினான்கு மாதமாகத் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், நானும் தினமும் “மனு குடு” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று மனு கொடுத்தாள். மூன்றாவதை நானே கொண்டுபோய் எங்கள் தபால் பிரிவில் சேர்த்தேன். அதற்குமேல் நான் என்ன செய்ய முடியும், லிஃப்ட் வேறு பிரிவு. கேள்வி கேட்ட உறுப்பினர் யாரென்று பார்த்தால் தங்கள் ஊர் உறுப்பினர். அதற்கு முந்தின மாதம்தான் தங்கள் மகள் அங்கு வந்து நான்கு நாள் இருந்துவிட்டு வந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். விடை தானாக வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

“லிஃப்ட் பத்தி அவையில கேள்வி வந்திருக்கு. நீதானே?”

துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. “கேள்வி யாரு கேட்டாங்கன்னு பார்த்தா பதில் எழுதுவீங்க? கேள்வியில என்ன இருக்குன்னு பாருங்க.”

“என் வேலைக்கே ஆபத்து வரும்னு யோசிச்சியா?”

“மூணாவது மாடிக்கு மாசம் நூறு பேரைத் தூக்கிட்டுப் போறாங்க. அதுல யாராவது கீழ விழுந்தா யாரு வேலைக்கு ஆபத்து?”

இல்லை என்று அவள் சொல்லவே இல்லை, கவனியுங்கள். ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

மறுநாள் மருத்துவமனையிடம் அறிக்கை கேட்டேன். “லிஃப்ட் பழுதடையவில்லை. உதிரி பாகம் வரும்வரை ஓய்வில் உள்ளது” என்று கண்காணிப்பாளர் எழுதியிருந்தார். எழுதின கைக்குத் தங்கக் காப்பு போடலாம், அவ்வளவு நேர்த்தி. அதை வைத்துக்கொண்டு பதில் தயாரித்து மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் பேனாவை எடுத்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: “இது குறித்துப் புகார் எதுவும் பெறப்படவில்லை.”

“சார், மூணு புகார் வந்திருக்கு சார்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

என் சம்சாரம் கொடுத்தது, நானே கொண்டுவந்து போட்டது என்று எப்படிச் சொல்வேன்? “கோப்புல இருக்கலாம் சார்” என்றேன்.

“இருக்கலாம்னா?”

“தேடினா கிடைக்கும் சார்.”

“அப்ப தேடாதீங்க” என்றார், மிக அன்பாக.

மாமா, பத்தொன்பது வருடத்தில் முதல் பொய். அதுவும் என் எழுத்தில், என் மனைவியின் கையெழுத்துக்கு எதிராக. அவையில் பொய் சொன்னால் அமைச்சர் தலை உருளும், அமைச்சர் தலை உருண்டால் அது நேராக என் மேசைக்கு வந்துதான் நிற்கும். சரி, ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவோம் என்று மதியம் அரைநாள் லீவு போட்டு மருத்துவமனைக்குப் போனேன். பதினான்கு மாதத்தில் நான் அந்த மாடிக்குப் போனதே இல்லை. லிஃப்ட் கதவில் “ஓய்வு” என்று எழுதி ஒட்டியிருந்தது, அந்தத் தாளும் பழுத்துப்போயிருந்தது. படியேறி இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வந்தேன். அங்கே ஒரு வயதான தையல்காரரை அந்த நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு வார்டு ஊழியர்கள் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். தையல்காரருக்கு வலது காலில் மாவுக்கட்டு, நாற்காலிக்கு இடது காலில் மாவுக்கட்டு. இரண்டும் ஒரே கைவேலை என்று பார்த்தாலே தெரிந்தது.

ஊழியர்களில் ஒருவர் என்னை யாரோ உறவுக்காரர் என்று நினைத்துவிட்டார். “சும்மா நிக்கிறீங்களே, அந்தப் பக்கம் பிடிங்க சார்.”

நான் சுகாதார அமைச்சகம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இன்னும் கேவலம் என்று தோன்றியது. பிடித்தேன்.

“பார்த்து சார், அது அடிபட்ட கால், வலிக்கப் போகுது” என்றார் தையல்காரர்.

“உங்க வலது காலைத்தானே சொல்றீங்க?”

“நாற்காலியைச் சொன்னேன் சார். எனக்கு வலிச்சா நான் கத்துவேன், அது பாவம் வாயில்லாத ஜீவன்.”

இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படிக்கும் அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை இறுக்குவது எனக்குத் தெரிந்தது. ஒருதடவைகூடக் கத்தவில்லை. பாதியில் என் கை நழுவி நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அந்த ஒரு நொடியில் அவர் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். மேலே போய் இறக்கியபோது என் முதுகில் ஏதோ ஒன்று “டக்” என்றது. நிமிர்ந்தால் தங்கள் மகள் எதிரே. என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, நான் பதில் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

மறுநாள் அலுவலகம் போய்க் கோப்பைத் தேடினேன். மூன்று மனுவும் ஒன்றன்மேல் ஒன்றாக நூல் கட்டி இருந்தன. மேலதிகாரியிடம் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, தான் சேர்த்த வரியை மட்டும் அடித்தார். “புகார் வந்ததுன்னும் எழுத வேண்டாம், வரலைன்னும் எழுத வேண்டாம்” என்றார். சரி என்றேன். ஆனால் துணைக் கேள்விக் குறிப்பு என் பொறுப்பு. அதில் முதல் பக்கத்தைத் தாண்டி அவர் ஒருநாளும் படித்ததில்லை. ஆறாம் பக்கத்தில் எழுதினேன்: “புகார் வந்ததா என்று கேட்டால்: மூன்று புகார்கள் வந்தன. மூன்றுக்கும் பதில் தரப்படவில்லை.” அதன் கீழே அமைச்சருக்கு ஒரு யோசனையாக, “இதற்குமேல் கேட்டால் அமைச்சர் வருத்தம் தெரிவிக்கலாம்” என்றும் சேர்த்தேன். எல்லாம் ஒரே அளவு எழுத்தில் அடித்ததுதான் நான் செய்த பிழை.

அவை கூடிய நாளன்று அதிகாரிகள் மாடத்தில், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையோடு நான் உட்கார்ந்திருந்தேன். அமைச்சர் பதிலை வாசித்தார். லிஃப்ட் ஓய்வில் உள்ளது என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் இருமினார்கள். தங்கள் ஊர் உறுப்பினர் எழுந்தார். சின்ன உருவம், கணீரென்ற குரல். “இது பற்றிப் புகார் ஏதும் வந்ததா என்று அமைச்சர் சொல்வாரா?” என்றார். அமைச்சர் பக்கம் புரட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. மாடத்திலிருந்து நானும் மனசுக்குள் புரட்டினேன். ஆறாம் பக்கம் வந்தது. பாவம், அவர் அன்று கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். தாளை முகத்துக்கு அருகில் பிடித்து, ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தார்.

“மூன்று புகார்கள் வந்தன. மூன்றுக்கும் பதில் தரப்படவில்லை. இதற்குமேல் கேட்டால் அமைச்சர் வருத்தம் தெரிவிக்கலாம்.”

ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று வித்தியாசம் இல்லாமல் மேசையைத் தட்டினார்கள். அவைத்தலைவர் மணியடித்துப் பார்த்தார், அந்த மணி எடுபடவில்லை. அடங்கியதும் உறுப்பினர், முகத்தில் சிரிப்பே இல்லாமல், “அப்படியானால் இதற்குமேல் கேட்கிறேன்” என்றார்.

அமைச்சர் தாளைக் கீழே வைத்தார். “வருத்தம் தெரிவிக்கிறேன்” என்றார். அப்புறம் யாரும் எழுதிக் கொடுக்காமல் தானாகவே, “நாளைக்குக் காலையில் அந்தப் படியை ஏறுகிறேன்” என்றார். எனக்கு அந்த மனிதர்மேல் அன்றுதான் மரியாதை வந்தது. என் மேலதிகாரி என் பக்கம் திரும்பவே இல்லை, அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

சொன்னபடி அமைச்சர் ஏறினார். நாற்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டார். தங்கள் மகள் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, “நாற்காலி அனுப்பட்டுமா சார்?” என்று கேட்டிருக்கிறாள். அவர் அவசரமாக எழுந்து மீதியை ஏறிவிட்டாராம். பதினோராம் நாள் லிஃப்ட் ஓடியது. உதிரி பாகம் எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? மருத்துவமனைக் கிடங்கிலேயே ஏழு மாதமாக இருந்ததாம். பெட்டியைப் பிரிக்க உத்தரவு வரவில்லை. தையல்காரர் அதே லிஃப்டில் இறங்கி வீட்டுக்குப் போனார்.

ஊருக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. எனக்குத்தான் மெமோ வந்திருக்கிறது. ஆறாம் பக்கத்தில் அவ்வாறு எழுதியதற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். ஊரார் கேள்விக்கெல்லாம் பதில் எழுதியவனுக்கு இதற்கு முதல் வரிகூட வரவில்லை. அதனால்தான் மாமா, தங்களிடம் மன்றாடுகிறேன். தங்கள் மகள் கேட்ட கேள்வியால் லிஃப்ட் ஓடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டு விஷயம் வீட்டோடு இருக்க வேண்டாமா? அடுத்தமுறை ஏதாவது கேட்க வேண்டுமென்றால், அவைக்குப் போகாமல் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள். நான் உடனே எழுந்து போய்ப் பார்க்கிறேன் என்று சத்தியம் செய்கிறேன். தாங்கள் சொன்னால் அவள் கேட்பாள். என்னை மாதிரி அவளுக்குத் தாங்கள் ஒருநாளும் மழுப்பலாகப் பதில் சொன்னதில்லை.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். இளைய மைத்துனரின் பரீட்சை நல்லபடி முடிய நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்கிறோம். தங்கள் ஆசி எங்களுக்கு என்றும் வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக.

தங்கள் கீழ்ப்படிந்த,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் தங்கள் மகள் வந்து, கடிதத்தை வாங்கி, நின்றபடியே கடைசிவரை படித்தாள். படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நான் அனுப்பினேன்னு எப்பங்க சொன்னேன்? முந்தி ஒரு ஞாயித்துக்கிழமை போன்ல அப்பா வேலை எப்படிப் போகுதுன்னு கேட்டாரு, நான் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கிட்டே வந்தது எனக்கே அப்புறம்தான் தெரியும். அந்த உறுப்பினர் ஏழாம் வகுப்புல அப்பாகிட்டப் படிச்சவரு. வீட்டுக்கு வரவழைச்சு, உட்காரவச்சு, அ, ஆ, இ, ஈ போட்டு எழுதிக் குடுத்து, சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் அனுப்பினாராம்” என்கிறாள்.

ஆகவே, மேலே “தங்கள் மகள் கேட்ட கேள்வி” என்று வரும் இடத்தில் “தாங்கள் கேட்ட கேள்வி” என்று திருத்தி வாசிக்கவும். எடுத்துச் சொல்லும்படி விடுத்த வேண்டுகோள் திரும்பப் பெறப்படுகிறது. மெமோவின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன், விளக்கத்தைத் தாங்களே எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்கவும். நான் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.