ஜெரார்களின் சராசரி வயது

2011ஆம் ஆண்டு மாசி மாதம், பாரிசின் லா சப்பல் பகுதியில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த முப்பத்தேழு வயது ஜெயரட்ணத்துக்குப் பிரெஞ்சுக் குடியரசு குடியுரிமை வழங்கிக் கௌரவித்தது. விரும்பினால் பெயரையும் பிரெஞ்சாக்கலாம் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் அவர் ‘ஜெரார்’ என்று எழுதியிருந்தார்.

காரணம் இல்லாமலில்லை. ஜெயரட்ணத்துக்கு பஸ் ஓட்ட வேண்டும். அதற்கான லைசென்சும் எடுத்து, சொந்தப் பெயரில் ஒரு பஸ் கொம்பனிக்குப் பதினொரு விண்ணப்பம் போட்டிருந்தார். மாட்டோம் என்றுகூட அங்கேயிருந்து ஒருவரும் எழுதவில்லை.

“ஜெரார் எண்டால் என்னப்பா அர்த்தம்?” என்று மனைவி கமலராணி கேட்டாள்.

“ஈட்டி மாதிரி உறுதியானவன். பழைய ஜேர்மன் பேர்.”

“பிரெஞ்சுக்காரன் ஆகிறதுக்கு ஜேர்மன்காரன்ரை பேரோ?”

“அவங்கள் ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு முன்னம் இஞ்சை வந்தவங்கள். கனகாலம் இருந்தால் எல்லாம் பிரெஞ்சுதான்.”

“நீங்கள் வந்து பதினொரு வருசம். அப்ப இன்னும் ஆயிரத்து நானூற்றி எண்பத்தொன்பது வருசம் பொறுக்கலாம்தானே.”

ஜெயரட்ணம் பொறுக்கவில்லை. பன்னிரண்டாவது விண்ணப்பத்தை ஜெரார் என்று ஒப்பமிட்டு அனுப்பினார். மூன்றாம் நாளே பதில் வந்தது. ‘மதிப்புக்குரிய ஜெரார் ஐயா, இந்த முதிர்ந்த வயதிலும் தாங்கள் காட்டும் உற்சாகம் எம்மை நெகிழவைக்கிறது. ஆயினும் ஓய்வெடுக்கவும். தங்கள் வயதை உறுதிசெய்தது: பெயர்வழி வயது நிர்ணயப் பணியகம்.’

பணியகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் அதிகாரி இருந்தார். கணினியைப் பார்த்துத் தலையசைத்தார்.

“ஜெரார் என்ற பெயர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் கொடிகட்டிப் பறந்து, பின்னர் வழக்கொழிந்தது. ஆகவே உங்களுக்கு அறுபத்தெட்டு வயது.”

“எனக்கு முப்பத்தேழு. பிறப்புச் சான்றிதழ் கிடக்கு, பரந்தனிலை எடுத்தது. மொழிபெயர்ப்பும் இருக்கு.”

அதிகாரி அதை இரண்டு விரலால் தூக்கினார். “இது வெளிநாட்டு ஆவணம். நம்பகத்தன்மை ஆராயப்பட வேண்டும். பெயரோ நாங்களே வழங்கியது. அது பொய் சொல்லாது.”

“என்ரை முகத்தைப் பாருங்கோவன்.”

“இணைக்கவேண்டிய ஆவணங்களின் பட்டியலில் முகம் இல்லை. ஐயா, என் பெயர் கெவின். எனக்கு இருபது வயது என்று கணினி சொல்கிறது. எனக்கு இருபது வயதுதான். முறைமையில் பிழை இல்லை.”

“அப்ப நான் என்னதான் செய்யிறது?”

கெவின் இரக்கமுள்ளவர். “மூன்றாண்டுக்கு ஒருமுறை, புதிதாகப் பதிவானவர்களை மட்டும் வைத்துச் சராசரியைத் திருத்துவோம். இளம் ஜெரார்கள் கூடினால் உங்கள் வயது குறையும்.”

ஜெயரட்ணம் அன்று பின்னேரமே வேலையைத் தொடங்கினார். குடியுரிமைக்கு டொசியே போட்டுவிட்டுக் காத்திருந்த ஒவ்வொருவரையும் பிடித்தார். மீன்கடை அம்புறோஸ், ஞானஸ்நானத்தோடு வந்த புனிதரின் பெயரையே கைவிட்டு ஜெரார் ஆனார். முடிவெட்டும் மயூரனும் ஆனான். எண்சாத்திரம் பார்க்கும் மகாலிங்கம் கூட்டிக் கழித்துப் பார்த்து, “இது ராச எண். ஈட்டி எண்டால் வேல், சாட்சாத் முருகன்ரை பேர்தான்” என்று அறிவித்தபின் மறிக்க ஆளில்லை. புறநகர் சார்செலில் பிறந்த எங்கள் பெடியங்களுக்கெல்லாம் ஜெரார். பஜோல் வீதிக் கோயிலில் ஐயர், “ஜெரார், உத்தர நட்சத்திரம்” என்று அருச்சனை செய்து, அடுத்த தட்டை வாங்கி, “ஜெரார், பூச நட்சத்திரம்” என்றார். பிரெஞ்சுக்காரர் எவரும் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்பதாயில்லை. ஆகவே புதிய ஜெரார்கள் அத்தனை பேரும் எங்கள் ஆட்கள்.

2014இல் சராசரி திருத்தப்பட்டது. நாற்பது வயது ஜெயரட்ணத்துக்குச் சட்டப்படி இருபத்தொன்பது வயது. மிடுக்காகப் பதின்மூன்றாவது விண்ணப்பத்தைப் போட்டார்.

பதில் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஒன்றுமில்லை. பணியகத்துக்குப் போய்க் கேட்டார்.

கெவின் திரையைப் பார்த்தார். “இதில் புதுமை என்ன? ஜெரார் இப்போது தமிழ்ப் பெயர்.”

ஜெயரட்ணம் வாசலை நோக்கி நடந்தார். கெவின் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“ஆனால் எங்களிடம் ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஜெரார்களின் ஆவணங்களைச் சரிபார்க்க அனுபவசாலி ஒருவர் தேவை.”

அரசாங்க உத்தியோகம். ஆறாம் இலக்கக் கண்ணாடித் தடுப்பு, சுழலும் கதிரை, சொந்தமாக ஒரு முத்திரை. கமலராணி அவருக்கு இரண்டு சேர்ட் வாங்கி அயன் பண்ணிக் கொடுத்தாள்.

முதல்நாள், முதல் ஆள், எழுபத்துநாலு வயது வெள்ளைக்காரக் கிழவர். பெயர் ஜெரார். கணினி அவருக்கு இருபத்தொன்பது வயது என்றதால் ஓய்வூதியம் நின்றுபோயிருந்தது. வதிவிட அனுமதியையும் பிரான்சுக்கு வந்த திகதியையும் கேட்டுக் கடிதம் போயிருந்தது. கிழவர் பிறப்புச் சான்றிதழை நீட்டினார்.

“நான் எங்கிருந்தும் வரவில்லை, மொசியே. இதே பிரான்சில், லிமோஜில் பிறந்தேன். என் தகப்பனும் அங்கேதான்.”

ஜெயரட்ணத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது. சான்றிதழை இரண்டு விரலால் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்தார்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஐயா. அடுத்த ஆள்.”