தொண்ணூற்றேழு சதவீதத் தீவு

ஆடுகள் முள்ளங்கியைத் தின்றுகொண்டிருந்தன. எந்தப் பொத்தானை அழுத்தினால் அவை நிற்கும் என்று பல்லம்மாவுக்குத் தெரியவில்லை.

ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் இருந்த படகுக்காரன் எம்பிக் குதித்தான். இன்னொன்றை அழுத்தினாள். ஆடுகளுக்கு முன்னால் போய் நின்று பணிவாகக் கும்பிட்டான். ஆடுகள் அவனைச் சட்டை செய்யவில்லை. கடைசி முள்ளங்கியும் போனதும், திரையின் மூலையில் இருந்த தொண்ணூற்றேழு கண்சிமிட்டித் தொண்ணூற்றாறு ஆனது.

"ஐயையோ! இது குறையக்கூடச் செய்யுமா?" என்று வாய்விட்டே கேட்டாள்.

பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட் செய்து கொடுப்பவள் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் பல்லம்மா. தொழிற்சாலை, சாப்பாட்டு மேஜை. ஒரு ஓரத்தில் மெழுகும் பிளாஸ்டர் அச்சுகளும். மறு ஓரத்தில் தட்டும் டம்ளரும். யாருடைய வாயோ சாம்பாருக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். விருந்தாளிகள் ஒருமுறை வந்தால் மறுமுறை வருவதில்லை.

அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சின்ன அறை. ஜன்னல் வெளிச்சம் நேராக விழும். அங்கே ஒரு பெஞ்சு போட்டு, பாலிஷ் மெஷினை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். தனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான். ஆனால் அங்கே ஒரு டிவியும் ஒரு கேம் பெட்டியும் குடியிருந்தன.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கேட்டபோதெல்லாம் ஒரே பதில்.

"இந்த கேம் நூறு சதவீதம் முடியட்டும். அன்னைக்கே மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடறேன்."

"தொண்ணூத்தேழு வந்தாச்சேங்க, போதாதா?"

"லிஃப்ட் தரைக்கு மூணு விரல் கீழே நின்னா, போதும்னு விட்டுட்டு வர முடியுமா?"

லிஃப்ட் மாதக்கணக்கில் அதே மூன்று விரல் கீழே நின்றது.

மாமியாரும் மகன் கட்சி. "நாள் பூரா இருட்டுக் குழிக்குள்ள நின்னு வேலை பாக்கறான். சாயங்காலம் ஏதோ கொஞ்ச நேரம். விட்டுத் தள்ளும்மா." சொல்லிவிட்டு, பூண்டு உரிக்கிற தட்டை எடுத்துக்கொண்டு மகனுக்குப் பேச்சுத்துணையாக அவரும் உள்ளே போய்விடுவார். இவளுடைய மெஷின் சத்தம் தாங்காமல் கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொள்வார்கள்.

பல்லம்மாவால் கணவரை முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. பல்செட்டின் உட்புறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? போட்டுக்கொள்கிற கிழவருக்கே தெரியாது. அதையும் அவள் கண்ணாடி போல் தேய்க்கிறவள். போதும் என்று கை எங்கே நிற்க வேண்டும் என்பது அவளுக்கே இன்னும் பிடிபடவில்லை. ஆகவே ஒரு முடிவுக்கு வந்தாள்: மிச்ச மூன்றையும் தானே முடித்துக் கொடுத்துவிடுவது. கணவர் வேலைக்கும், மாமியார் நடைப்பயிற்சிக்கும் கிளம்பிய பின், அறைக்குள் போய் ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள்.

புயலில் அழிந்த ஒரு தீவு. படகுக்காரன் அதை மறுபடி கட்ட வேண்டும். பாலம், விளக்கு, தோட்டம், குடிமக்கள். அவ்வளவுதான் கதை. பார்ப்பதற்குச் சாதுவாக இருந்தது, ஆடுகள் வரும்வரை.

ஆடு இருந்தால்தானே வம்பு என்று எல்லா ஆடுகளையும் விற்றாள். பிழைப்புப் போன தீவின் பால்காரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகேறிவிட்டாள். தொண்ணூற்று நான்கு.

"ஏய், நில்லுடி! எங்கடி போறே?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். பிறகு, தான் கத்தியதைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள்.

பால்காரியைத் திரும்ப அழைக்கப் புது வீடு கட்டிக் கொடுத்தாள். மாடியும் வைத்துத்தான். வீடு பாலத்தின் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்து, இக்கரையில் பாதி ஜனம், அக்கரையில் பாதி ஜனம், எல்லோரும் இடுப்பில் கை வைத்து அவளையே பார்த்தார்கள். தொண்ணூற்றொன்று.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

"வாத்தியாரோட செட்டு ரெடியா மேடம்? மத்தியானம் போட்டுப் பாக்க வரார்."

"இதோ, முடிஞ்ச மாதிரிதான் டாக்டர்," என்றாள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

அவசர அவசரமாக மெழுகில் பற்களைப் பதித்து அனுப்பிவைத்தாள். மத்தியானம் மறுபடி போன்.

"மேடம், கோரைப்பல் ரெண்டுமே இடது பக்கத்துது. வாத்தியார் சிரிச்சா யாரையோ முறைக்கிற மாதிரி இருக்கு."

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு பிழை அவள் கையால் நடந்ததில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்னும் கொடுமை என்னவென்றால், அப்போதும் மனசின் ஒரு மூலை பாலத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கணவரும் மாமியாரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். பல்லம்மா மெஷினை ஓடவிட்டு, ஒரே கடைவாய்ப்பல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஐயோ!"

மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பல் கையிலிருந்து நழுவி மேஜைக்கடியில் ஓடியது.

கணவர் வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ அந்த ரூமுக்குள்ள போனியா?"

"தூசி தட்டினேன். ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை," என்று உள்ளே பார்த்துச் சொன்னார். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

அன்று மாமியார் சரியாகச் சாப்பிடவில்லை. "பசிக்கலைம்மா," என்று கை கழுவிவிட்டார். மகனுக்காக வருந்துகிறாராக்கும் என்று பல்லம்மா நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால், தொண்ணூற்றேழு! ஆடுகள் மேய்கின்றன. பால்காரி கறக்கிறாள். பாலத்தில் ஜனங்கள் போய்வருகிறார்கள். ஒரே சாயங்காலத்தில் மனுஷன் எல்லாவற்றையும் மீட்டிருக்கிறார். ஒரு வார்த்தை திட்டவில்லை. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. இவ்வளவு கைத்திறமை உள்ள மனுஷனுக்கு மிச்சம் மூன்று ஏன் எட்டவில்லை என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. களைத்துப்போயிருப்பார் பாவம் என்று அதற்கும் அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாமியார் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போகும் நாளுக்காகக் காத்திருந்தாள். அந்த நாள் வந்ததும், டாக்டரம்மாவிடம் வீட்டில் கரண்ட் இல்லை என்று பொய் சொன்னாள். டிவியைப் போட்டாள்.

இந்தமுறை அவசரப்படவில்லை. பல் பதிக்கிற நிதானத்தோடு ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினாள். கலங்கரை விளக்கத்தை ஏற்றினாள். தொண்ணூற்றெட்டு. நீல இறகுகளை மரம் மரமாகப் பொறுக்கினாள். தொண்ணூற்றொன்பது. கடைசியாக, தீவின் தையல்காரர் எங்கோ தொலைத்த ஒரு சட்டைப் பொத்தானைத் தேட வேண்டும்.

"ஒரு பொத்தானுக்காகவா இத்தனை பாடு? வேற தைச்சுக்கோயேன்யா!" என்று அவரைத் திட்டினாள். திட்டிக்கொண்டே படகுகளுக்கு அடியில், கிணற்றடியில், கோழிக்கூட்டில் தேடினாள். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டுக்கொண்டாள். கை மட்டும் நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாடு மேஜையில் ஆறியது. விட்டு எழுந்தால் அந்த ஒன்று தன்னை ஆயுசுக்கும் உறுத்தும் என்று தோன்றியது, அரைகுறையாகப் பொருந்திய பல்லைப் போல.

பொத்தான் ஆட்டின் கழுத்து மணிக்குள் இருந்தது.

நூறு!

வாணவேடிக்கை வெடித்தது. கடலில் ஒரு வெள்ளைக் கப்பல் வந்து நின்றது. 'உன் வேலை முடிந்தது. கப்பலில் ஏறுகிறாயா?' என்று திரை கேட்டது. ஏறாமல்? அழுத்தினாள். படகுக்காரன் ஏறினான். கரையில் ஊரே திரண்டு கையசைத்தது. தீவு புள்ளியாகி மறைந்தது. 'முற்றும்' என்று வந்தது. அதற்குப் பின் எந்தப் பொத்தானுக்கும் தீவு திரும்ப வரவில்லை. 'புதிய ஆட்டம்' என்ற ஒரே வரிதான் மின்னியது.

பல்லம்மாவுக்கு முதலில் நெஞ்சு வெறுமையானது. இவ்வளவுதானா? பிறகுதான் நினைவு வந்தது, அறை இப்போது அவளுடையது! ஓடிப்போய் பாலிஷ் மெஷினைத் தூக்கிவந்து ஜன்னலடியில் வைத்தாள்.

சாயங்காலம் கணவர், தாயாரையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாசலிலேயே கையைப் பிடித்து அறைக்கு இழுத்துப் போனாள்.

"மூட்டை கட்டுங்க! நூறு ஆச்சு!"

"என்னது?"

"நான்தான் முடிச்சேன். வாக்கு குடுத்திருக்கீங்க, ஞாபகமிருக்கா?"

அவர் டிவியைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது. உள்ளே ஒரு கடைவாய்ப்பல் சொத்தை என்று அவள் தன்னையறியாமல் கவனித்தாள்.

"கப்பல்ல... ஏறிட்டியா?"

"பின்னே? ஏறறியான்னு அதுவே கேட்டுச்சு."

"ஏறினா திரும்பி வர முடியாதுடி! அந்த ஊரே அழிஞ்சிடும்! அதனாலதானே தொண்ணூத்தேழுலேயே..."

பாதியில் நிறுத்தினார்.

"ஒரு கேமுக்கா இப்படி இடிஞ்சு போறீங்க? வேணும்னா முதல்லேருந்து ஆடுங்களேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், கதவருகில் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மாமியார் ஊர்ப்பையைக்கூடக் கீழே வைக்காமல், அந்த ஒற்றை வரி மின்னிய திரையையே வெறித்தபடி நின்றிருந்தார். பிறகு பல்லம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"அத்தனை பேரையும் ஒவ்வொருத்தரா நானே கூட்டிவந்து குடிவெச்சேன், சொல்லாம கொள்ளாம கப்பலேறிட்டேன்னு என்னைத் தப்பா நினைச்சுக்க மாட்டாங்களாம்மா?"