கைவேலை தெரிந்த பெண்

"அந்தக் கையை எங்கடி வெச்ச?" என்று சமையற்கட்டிலிருந்து இராஜம்மா கேட்டாள்.

"சாப்பாட்டு மேசை மேலம்மா."

"கிள்ளான்லேர்ந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிளம்பியாச்சு. வந்து உட்கார்ந்தா வடைக்குப் பக்கத்துல கையா இருக்கணும்?"

சந்திரகலா பெருமூச்சு விட்டாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இன்ஜினியர். விபத்தில் கையை இழந்தவர்களுக்கு மின்சாரக் கை செய்வது அவள் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அப்படியும் ஒரு வேலை இருக்கிறது என்று நம்பவைப்பதே தனி வேலையாக இருந்தது.

"பொண்ணு என்னா செய்யுது?" என்று தரகர் அய்யாவு கேட்டபோது, இராஜம்மா கூச்சத்தோடு "கை செய்யுது" என்றாள். அவர் கிள்ளான் போய்ச் சேர்வதற்குள் அது "கைவேலை செய்யுது" என்றாகிவிட்டது. தலையணை உறையில் பூத்தையல் போடும் அடக்கமான பெண் என்று அங்கே பேச்சு. இராஜம்மா அதைத் திருத்தவில்லை. இதற்கு முன்னால் வந்த இரண்டு குடும்பங்களும், "வெட்டுப்பட்ட கையைத் தொடுற பொண்ணா?" என்று தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனவை. பெற்றவள் வேறு என்ன செய்வாள், பாவம்.

"நிச்சயம் ஆகுற வரைக்கும் வாயைத் தொறக்காத லா."

"அப்புறம் வேலையை விடச் சொன்னா?"

"அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' என்ன ஆகும் என்று சந்திரகலாவுக்குத் தெரியும். திங்கட்கிழமை சுங்கை வேயிலிருந்து கன்னையா வருகிறார். தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் அவருடைய வலக்கையை வாங்கிக்கொண்டது. தன் சட்டைப் பித்தானைத் தானே போட வேண்டும், அவருக்கு அவ்வளவுதான் ஆசை. அவருக்கென்று செய்த கை மூடியது, திறக்க மறுத்தது. அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து காலையில் பழுதுபார்த்திருந்தாள். சோதித்துப் பார்ப்பதற்குள் அம்மா குளிக்கத் துரத்திவிட்டாள்.

இராஜம்மா பக்கத்து வீட்டு மார்க்கிரட்டிடம் ஒரு பூத்தையல் உறையையும் நூல் பையையும் இரவல் வாங்கி வைத்திருந்தாள். வாசலில் கார் சத்தம் கேட்டதும், மேசையிலிருந்த கையை அள்ளி நூல் பைக்குள் திணித்தாள்.

"இதுக்குள்ள யாரு கைய விடப்போறா?"

மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை ராதாகிருஷ்ணன், அவன் தாய் தனலெட்சுமி, தகப்பன் சின்னையா. சின்னையா நாற்காலியில் அமர்ந்ததும் வடைத்தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"தம்பி பேங்க்லன்னு அய்யாவு சொன்னாரு. எந்த பேங்க்?" என்றாள் இராஜம்மா.

ராதாகிருஷ்ணன் வாயைத் திறப்பதற்குள் தனலெட்சுமி முந்திக்கொண்டாள். "கே.எல்.லதான். பெரிய இடம். ராத்திரிகூடக் கூப்பிடுவாங்க, அவ்வளவு பொறுப்பு."

இராஜம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. ராத்திரியில் கூப்பிடுகிறார்கள் என்றால் மேனேஜராகத்தான் இருக்க வேண்டும்.

"பாப்பாவோட கைவேலையக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றாள் தனலெட்சுமி.

உறை வந்தது. தனலெட்சுமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்லாருக்கு. இந்த மூலையில எம்முன்னு ஒரு எழுத்து போட்டிருக்கே, யாரு அது?"

மார்க்கிரட்டின் எம். சந்திரகலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளைங்க," என்றாள் இராஜம்மா. "பேரு தெரியாததால வெறும் மாப்பிள்ளைன்னு போட்டுவெச்சுருச்சு."

தனலெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு பொண்ணா. இப்பத்தான் பேரு தெரிஞ்சிருச்சே, பாப்பா. என் கண்ணு முன்னால 'ஆர்'னு ஒரு எழுத்து போடேன்."

பித்தான்கூடத் தைக்கத் தெரியாத சந்திரகலா, "நூலு தீர்ந்துபோச்சு ஆன்ட்டி," என்றாள்.

"பை நிறைய இருக்கே." தனலெட்சுமி பையைத் தன் மடிக்கு இழுத்து உள்ளே கையை விட்டாள்.

பைக்குள் 'உர்ர்' என்று ஒரு சத்தம். தனலெட்சுமி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"யாரோ என் கையப் புடிச்சிருக்காங்க," என்றாள் மெதுவாக.

வெளியே இழுத்தபோது, நூல்கண்டுகள் சிதற, மாநிறத்தில் ஒரு கை அவள் விரல்களைப் பற்றிக்கொண்டு கூடவே வந்தது. இராஜம்மா முருகா என்று சுவரில் சாய்ந்தாள். சின்னையா வடை மெல்வதை நிறுத்திப் பார்த்துவிட்டு, மறுபடி மென்றார்.

"இழுக்காதீங்க ஆன்ட்டி. அது மெஷின். சுவிட்சை அணைச்சாலும் விடாது. நாமதான் தொறக்கச் சொல்லணும்."

கையிலிருந்து தொங்கிய ஒயரின் முனையில் பொட்டு மாதிரி உலோகத் துண்டுகள் இருந்தன. சதை இறுகும்போது தோலில் எழும் சிறு மின்சாரத்தை அவைதான் கைக்குச் சொல்லும்; பைக்குள் தனலெட்சுமியின் தோல் அவற்றில் பட்டதும் கை மூடிக்கொண்டது அதனால்தான். சந்திரகலா அவற்றைத் தன் முன்கையில் வைத்து அழுத்தினாள். கை திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறுகியது.

"ஐயோ, எலும்பு," என்றாள் தனலெட்சுமி.

இதுவரை பேசாதிருந்த ராதாகிருஷ்ணன் எழுந்து வந்து சந்திரகலாவின் எதிரே மண்டியிட்டான். "தோலு காய்ஞ்சிருக்குங்க." தண்ணீர் தொட்டுத் தடவினான். முழங்கைக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்தி, சதையைத் தேடிப் பிடித்து, பொட்டுகளை அங்கே நகர்த்தினான். "இப்ப மணிக்கட்டை மேல தூக்குங்க. பயப்படாதீங்க, வலிக்காது."

உர்ர். ஐந்து விரலும் பூப்போலத் திறந்தன.

சந்திரகலாவுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. "தொறக்குதும்மா. கன்னையா அண்ணனுக்குத் தொறக்கும்மா."

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது. அவள் நேராக நிமிர்ந்து தனலெட்சுமியைப் பார்த்தாள்.

"எனக்குத் தைக்கத் தெரியாது, ஆன்ட்டி. இந்த உறை பக்கத்து வீட்டு அக்காவோடது. கை போனவங்களுக்குக் கை செய்யறதுதான் என் வேலை. வெட்டுப்பட்ட கையத் தொட்டு அளவெடுப்பேன். கல்யாணம் ஆனாலும் விடமாட்டேன். புடிக்கலைன்னா சொல்லிடுங்க. ஆனா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

இராஜம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வாசலுக்கு அப்பால் ஒரு ரயில் போனது. 

தனலெட்சுமி விரல்களை உதறிக்கொண்டே கணவரிடம் திரும்பினாள். "கேட்டீங்களா? கைவேலைன்னு சொல்லி இப்படியா மறைப்பாங்க? பொண்ணு பார்க்க வர்ற எடத்துல உள்ளத உள்ளபடி சொல்ல வேணாமா?"

சின்னையா கடைசி வடையை எடுத்துக்கொண்டார்.

"ஏன் தனம் கத்துற? நாம மட்டும் பையன் வேலை செய்யறது ரத்த பேங்க்குன்னு சொன்னோமா?"