அம்மாவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்த சனிக்கிழமை

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்து மூன்று வயது வரை என் ஆங்கிலத்தில் யாரும் எதுவும் செய்ததில்லை. வந்ததில்லை, போனதில்லை, தின்றதில்லை, தூங்கியதில்லை. மனிதர்கள் இருந்தார்கள், பொருட்கள் இருந்தன, அவற்றுக்கு நிறமும் உயரமும்கூட இருந்தன. ஆனால் எல்லாரும் போட்டோ ஸ்டுடியோவில் நிற்பதுபோல ஆடாமல் அசையாமல் நின்றார்கள். காரணம், எனக்கு வினைச்சொல் ஒன்றுகூடத் தெரியாது.

சித்தூரிலிருந்து தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் திருப்பதியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் கற்றவள் நான். (சர்ச்சில் இருந்த பெண்கள், "இன்னா ஜெமிமா, தெனம் திருப்பதிக்கா?" என்று கவலையோடு கேட்பார்கள். எனக்காக ஒரு தனி ஜெபம்கூட நடந்ததாகக் கேள்வி.) எங்கள் மாஸ்டர் தெலுங்குக்காரர். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. மொழி என்பது வீடு கட்டுவது மாதிரி. முதல் மாதம் பெயர்ச்சொல், இரண்டாம் மாதம் உரிச்சொல், மூன்றாம் மாதம் சுட்டுப்பெயர், நான்காம் மாதம்தான் வினைச்சொல்.

முதல் மாதம் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பஸ், டிக்கெட், பக்கெட், ஃபேன், கேட், கிளாஸ் என்று அவர் எழுதியதெல்லாம் நான் பிறந்ததிலிருந்து பேசுகிற வார்த்தைகள். பாதி இங்கிலீஷ் ஏற்கெனவே வந்துவிட்டது என்று வீட்டில் அறிவித்தேன். இரண்டாம் மாதம் உரிச்சொற்களை ஜோடி ஜோடியாகக் கத்தினோம். டால், ஷார்ட்! ஹாட், கோல்ட்! ஓல்ட், நியூ! ஜன்னலுக்கு வெளியே படுத்திருந்த நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போயிற்று.

மூன்றாம் மாதம்தான் சிக்கல். தெலுங்கில் பெண் வந்தாலும் பஸ் வந்தாலும் ஒரே மாதிரி 'ஒச்சிந்தி' என்பார்கள். அதனால் மாஸ்டர் தன் மனைவியையே 'இட்' என்று சொல்லுவார். நானோ தமிழ். வயதில் ஒருநாள் மூத்தவரையும் 'அவங்க' என்று சொல்லி வளர்ந்தவள். அவர்கள் என்றால் 'தே'. ஆகவே எனக்கு அம்மாவும் 'தே', அக்காவும் 'தே', பாஸ்டரும் 'தே'. எங்கள் இருவருக்கும் நடுவில் 'ஷீ' என்கிற பாவப்பட்ட சொல் அனாதையாகக் கிடந்தது. நான்காம் மாதம் பிறப்பதற்குள் மாஸ்டருக்கு ரேணிகுண்டாவில் வேறு வேலை கிடைத்து வகுப்பு நின்றுபோனது. சுவர் எழும்பி, கூரையில்லாத வீடாக நான் சித்தூர் திரும்பினேன்.

அப்போதுதான் அக்காவுக்கு அந்த வரன் வந்தது.

அக்காவின் பெயர் சர்ட்டிபிகேட்டில் ஸ்டெல்லா. வீட்டில், தெருவில், சர்ச்சில் எல்லாருக்கும் அவள் 'பேபி'. வயது இருபத்தேழு. மாப்பிள்ளை சாமுவேல், பலமனேர் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், பெங்களூரில் வேலை. தாய் தகப்பன் இல்லை; அண்ணன் டேனியல்தான் வளர்த்தவர். டேனியல் அயர்லாந்தில் வேலைக்குப் போய், அங்கேயே மார்த்தா என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். லீவில் வந்திருந்த அண்ணனும் அண்ணியும் முதலில் பெண்ணைப் பார்ப்பது, பிறகு மாப்பிள்ளை வருவது என்று பேச்சு.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "என்னைப் பாக்க வராதவன் எனக்கு எதுக்கு? அண்ணன், அண்ணி ரெண்டு பேரையும் அனுப்பி மாடு பாக்கறானா?" என்று இரண்டு நாளாக அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அடுத்தது எப்போது வரும் என்று அம்மா ஜெபத்தில் இருந்தார்.

இதில் நைனா (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். சனிக்கிழமை விடிந்ததும், எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூருக்குக் கட்டுப் போடப் பஸ் ஏறினார். மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார்.

பத்து மணிக்கு டேனியலிடமிருந்து போன். வயிறு சரியில்லை, தன்னால் வர முடியாது, மார்த்தா மட்டும் காரில் வந்துகொண்டிருக்கிறாள், அவளுக்குத் தமிழ் தெரியாது, தானே போனில் இருந்து மொழிபெயர்ப்பதாகச் சொன்னார்.

அம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அதெல்லாம் வேணாம் தம்பி. நம்ம சின்னவ இங்கிலீஷ் படிச்சிக்கினு வந்திருக்கா. திருப்பதியில" என்றார்.

அக்கா அறைக்குள்ளிருந்து, "போன்லயே மாத்தி சொல்ற ஆப் கீதும்மா" என்று குரல் கொடுத்தாள்.

"மிஷினுக்கு உரிச்சொல் தெரியுமா?" என்றேன் நான். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்குக் காது சுடும்.

மார்த்தா வந்து இறங்கினார். காட்டன் சுடிதார், வெயிலில் சிவந்த மூக்கு, கையில் பெரிய பை. டிரைவர் அவரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மார்த்தா சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார். என் காதில் அது, "சரசரசர ஃபாதர் சரசர?" என்று விழுந்தது. ஃபாதர் பெயர்ச்சொல். பிடித்துக்கொண்டேன்.

"ஃபாதர், புத்தூர். ஹேண்ட், டூ பீஸ்."

மார்த்தாவின் முகம் மாறியது. விளக்கம் போதவில்லை என்று நினைத்து, கட்டுப் போடும் விதத்தையும் சேர்த்தேன். "எக். லீஃப். கிளாத். டைட்!"

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து அம்மா பட்டுப்புடவையில் காபித் தட்டோடு வந்தார். அறிமுகம் செய்ய வேண்டியது என் கடமை.

"திஸ், மை மதர்."

வெறும் மதர் என்று விட்டால் மொட்டையாக இருந்தது. ஓர் உரிச்சொல் வேண்டும். அம்மாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. அதற்கு 'ஓல்ட்' என்பதுதான் சரி. ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் பெற்ற தாயைக் கிழவி என்பதா? சட்டென்று எதிர்ச்சொல்லுக்குத் தாவினேன்.

"நியூ மதர்."

மார்த்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். 'நியூ மதர்' என்றால் அவர்கள் ஊரில் இப்போதுதான் பிள்ளை பெற்றவள் என்று அர்த்தமாம். எனக்கு அது பல மாதம் கழித்துத்தான் தெரியும். அவர் கண்ணெல்லாம் பளபளக்க, "சரசர பேபி?" என்றார்.

அக்காவின் வீட்டுப் பெயர்கூடத் தெரிந்து வைத்திருக்கிறாரே என்று எனக்குப் பூரிப்பு. "பேபி! எஸ்! பேபி, பெட்ரூம்!"

"சரசர ஓல்ட் சரசர பேபி?"

வயது கேட்கிறார். "டுவென்ட்டி செவன்."

அவர் ஏதோ கேட்டார். கடைசியில் 'டேஸ்' என்று முடிந்தது. புரியாத இடத்தில் எஸ் சொல்ல வேண்டும் என்பது வகுப்பில் நாங்களாகவே கண்டுபிடித்த விதி. "எஸ்" என்றேன்.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு குழந்தையோடு போயிருக்கும். ஆனால் அக்காவுக்கு மரியாதை கொடுக்காமல் இருக்க முடியுமா? "தே, பெட்ரூம். தே, பவுடர்" என்றேன்.

"தே?" மார்த்தா இரண்டு விரலைக் காட்டினார். "டூ?"

நான் ஒரு கணம் யோசித்தேன். தட்டில் இருந்த சர்க்கரையைத்தான் இரண்டு ஸ்பூன் கேட்கிறார் என்று முடிவுசெய்தேன். "எஸ், எஸ், டூ!"

"மில்க்?" என்றார் அடுத்ததாக, மிகுந்த அக்கறையோடு.

"மில்க், பாக்கெட்" என்றேன். எங்கள் தெருவில் எல்லாரும் அந்தப் பால்தான்.

அந்தம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. அம்மாவின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி மேசையில் வைத்தார். அம்மாவின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய், கூடத்துக் கட்டிலில் படுக்க வைத்து, காலுக்கு அடியில் இரண்டு தலையணையைச் செருகினார். பிறகு தரையில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

"ஏண்டி ஜெமிமா, இன்னாடி இது? என்னை எதுக்குப் படுக்க வெக்கிறாங்க?"

எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் மானம் போய்விடும். "அவங்க ஊர்ல சம்பந்திக்கு மரியாதை இப்டித்தாம்மா" என்றேன்.

"நாம எதுனா திருப்பிச் செய்யணுமாடி?"

"சும்மா படுத்துக்கோ போதும்."

அம்மா பட்டுப்புடவை கசங்காமல், கைகூப்பியபடி விறைத்துப் படுத்திருந்தார். மார்த்தா மூடியிருந்த அறைக் கதவைக் காட்டி உதட்டில் விரல் வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் மெல்லப் பாத்திரம் துலக்கத் தொடங்கினார். மாப்பிள்ளை வீட்டு அண்ணி நம் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்குகிற சத்தம் கேட்டதும் அம்மா எழப் போனார். மார்த்தா சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்து மறுபடியும் படுக்க வைத்தார். இப்படி மூன்று முறை நடந்தது. மூன்றாம் முறை அம்மா, "கர்த்தரே" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு மார்த்தா வாசலில் நின்று கணவருக்குப் போன் செய்தார். பேச்சில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன. அம்மாவைச் சுட்டிக்காட்டுவதும், நெஞ்சில் கை வைப்பதுமாக இருந்தார். அவருக்கு நம் குடும்பத்தைப் பிடித்துவிட்டது என்று நான் அம்மாவிடம் மொழிபெயர்த்தேன்.

பத்து நிமிடத்தில் வீட்டு போன் அடித்தது. நைனா. பின்னணியில் பஸ் இரைச்சல். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மே! நீ படுத்துக்கினு கீறியா?"

"ஆமா, படுத்துக்கினுதான் கீறேன்" என்றார் அம்மா கட்டிலிலிருந்து. "உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"அப்போ நெசந்தானா!" நைனா பஸ் இரைச்சலையும் மீறிக் கத்தினார். "நான் காலையில வூட்ட வுட்டு வரும்போது தோசை சுட்டுக்கினு இருந்தியேடி!"

"தோசை சுட்டா படுக்கக் கூடாதா?"

"ரெண்டும் நல்லா கீதா? ஆம்பளயா, பொம்பளயா?"

"இன்னா ரெண்டு?"

"டேனியல் தம்பி போன் பண்ணுச்சு. மாமா, ரெட்டைப் புள்ள பொறந்து இருபத்தேழு நாளாச்சாமே, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியேன்னு. பஸ்ஸே கேட்டுக்கினு கீது! ஒரு அம்மா 'ஏமய்யா, ஈ வயசுலோனா'ன்னு, இந்த வயசுல இதெல்லாமான்னு திட்டுது. கண்டக்டரு கை குடுக்கறான், முறிஞ்ச கைன்னு தெரியாம!"

அம்மா என்னைப் பார்த்தார். படுத்தபடியே பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்த மொழியிலும் உரிச்சொல் கிடையாது.

அறைக் கதவு படாரென்று திறந்தது. அக்கா பாதி கட்டிய சேலையோடு வெளியே வந்து, என்னைத் தாண்டி, வாசலில் நின்று மறுபடியும் பேசிக்கொண்டிருந்த மார்த்தாவின் கையிலிருந்த போனை வாங்கினாள். மறுமுனையில் டேனியல்.

"அண்ணா, நான்தான் ஸ்டெல்லா. வூட்ல என்னை பேபின்னு கூப்பிடுவாங்க. எனக்குத்தான் இருபத்தேழு. நாளு இல்ல, வயசு. வேற புள்ள யாரும் பொறக்கல. என் தங்கச்சி இங்கிலீஷ் பேசிட்டா, அவ்ளோதான்."

அந்தப் பக்கம் டேனியல் வயிற்றுவலியையும் மறந்து சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. சிரித்து முடித்துவிட்டு, "அம்மாடி, ஒண்ணு சொல்லணும். தம்பி பக்கத்துலதான் இருக்கான். விஷயத்தைச் சொன்னதும் அவன் இன்னா சொன்னான் தெரியுமா? அத்தைக்கு இந்த வயசுல ரெண்டு குழந்தை பாக்க முடியாது, அவங்க ஒத்துக்கினா நம்ம வூட்லயே வெச்சு வளத்துடலாம், ரெண்டு தொட்டில் போட இடம் கீதுன்னான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல" என்றார்.

அக்கா சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். பிறகு, "அவரே சொன்னாரா?" என்று கேட்டாள். இரண்டு நாளாக 'அவன்' என்று சொன்ன வாய் 'அவர்' என்றதை அம்மா கவனித்துவிட்டார். "நாளைக்கு அவரை வரச் சொல்லுங்கண்ணா" என்றாள் அக்கா.

டேனியல் போனிலேயே மார்த்தாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். மார்த்தா அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டிலில் கால் தூக்கிப் படுத்திருந்த அம்மாவைப் பார்த்தார். முகம் மூக்கைவிடச் சிவந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, மூச்சு முட்டச் சிரித்தார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். நான் சுவரோடு சுவராக நின்றேன்.

"இப்போ நான் எழுந்துக்கலாமாடி?" என்று கேட்டார் அம்மா.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சாமுவேல் வந்தார். மூன்றாம் மாதம் கல்யாணம். நான் அதற்குள் சித்தூரிலேயே வேறொரு டீச்சரிடம் சேர்ந்து வினைச்சொல் கற்றுக்கொண்டேன். முதல் நாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது நான்தான். இப்போது ஒரு கம்பெனியில் தினமும் ஆங்கிலத்தில் போன் பேசிச் சம்பளம் வாங்குகிறேன். எங்கள் வீட்டில் அதை யாரும் நம்புவதில்லை.

நம்பாததற்கு மார்த்தாவும் ஒரு காரணம். கல்யாணம் முடிந்த அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அயர்லாந்திலிருந்து அம்மா பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், கையால் பின்னிய இரண்டு குட்டி ஸ்வெட்டர். அடுத்த வருடமும் இரண்டு வந்தது, கொஞ்சம் பெரிய அளவில். அதற்கடுத்த வருடம் இன்னும் பெரிது. ஒரு வருடம்கூடத் தவறவில்லை. சித்தூர் வெயிலில் ஸ்வெட்டர் போட ஆளில்லை என்றாலும் அம்மா அவற்றை மடித்துப் பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம், "எங்க சின்னதுங்களோடது" என்று எடுத்துக் காட்டுவார்.

போன கிறிஸ்துமஸில் ஸ்வெட்டரோடு இரண்டு ஸ்கூல் பையும் இருந்தன. நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவற்றை ரொம்ப நேரம் பார்த்தார். "அஞ்சு வயசு ஆயிடுச்சில்ல? ஜூன் மாசம் சேக்கணுமே. எந்த ஸ்கூல்ல போடறது?" என்றார்.

"எதுல வேணா போடுங்க" என்றார் அம்மா. "இவகிட்ட மட்டும் டியூஷனுக்கு வுட்டுடாதீங்க. ரெண்டு, நாலா ஆயிடும்."