நோ சிக்னல் பெண் பார்க்கப் போன கதை

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் வரைக்கும் எந்த வீட்டில் என்ன டிவி இருக்கிறது, அதன் முதுகில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த ஒரே ஜீவன் எங்கள் தெரு நோ சிக்னல்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவனிடம் ஒரு கிழட்டு கம்ப்யூட்டர் இருந்தது. கறுப்புத் திரையில் ஆட்டத்தின் பெயரை அடித்தால், விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்துப் பீரங்கி ஆட்டம் தொடங்கும். ஒருநாள் மானிட்டர் புகைவிட்டுச் செத்தது. அதன் நீலமுனை ஒயர் புது டிவி எதிலும் நுழையவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் டப்பா வாங்கினான். டிவி 'நோ சிக்னல்' என்றது. கோளாறு டிவியில்தான் என்று முடிவுகட்டியவன், யார் புது டிவி வாங்கினாலும் கம்ப்யூட்டரோடு போய் வாசலில் நின்றான். வெள்ளிமலையில் ஒருவர் பெரிய டிவி வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவனும் நானும் பஸ்ஸில் கல்வராயன் மலையே ஏறினோம். அத்தனை வளைவுக்கும் கம்ப்யூட்டர் என் மடியில். அங்கேயும் நோ சிக்னல்.

இதற்கிடையே அவனுக்குப் பெண் தேடினார்கள். போன மூன்று வீட்டிலும் பெண்ணை விட்டுவிட்டு டிவிக்குப் பின்னால் போய் நின்றான். மூன்றும் கெட்டது. நாலாவது, வடக்கனந்தலில் ஒரு வீடு. இதுவும் போனால் இனிமேல் தேடமாட்டேன் என்று அவன் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவனுக்கு வயசு முப்பத்தாறு. துணைக்கு என்னையும் கூட்டிப் போனார்.

அன்றைக்கு அவன் கொண்டுவந்த பழப் பை மட்டும் கொஞ்சம் பெரிசாக இருந்தது. பெண்ணின் அம்மா ஆசையாக வாங்கினார். கை தரை வரைக்கும் போய்விட்டது. மேலே ஒரு சீப்பு வாழைப்பழம், கீழே முழுக் கம்ப்யூட்டர். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குள் அவன் டிவியின் முதுகைப் பார்க்கப் போய்விட்டான்.

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். "இன்னாப்பா, பொண்ணு பாக்க வந்தியா, டிவி பாக்க வந்தியா?"

நோ சிக்னலுக்குப் பொய் வராது. "ரெண்டும்தாங்க" என்றான்.

எல்லாரும் செருப்பைத் தேடும் நேரத்தில் கேசரித் தட்டோடு பெண் வந்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. அங்கே மெஷின் எல்லாம் பழசு. தட்டை என் மடியில் வைத்துவிட்டு, பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது புதுசுல இருந்து பழசுக்குப் போற டப்பா. உங்களுக்குப் பழசுல இருந்து புதுசுக்கு வர்றதுல்ல வேணும்? இத்தினி நாளா தலைகீழா மாட்டிக்கினு கீறீங்க."

அவன் வாய் பிளந்தான். அவள் ஸ்கேன் சென்டரில் உதிரியாகக் கிடந்த சரியான டப்பாவை எடுத்துவர தன் அண்ணனைப் பைக்கில் விரட்டினாள். ஒரு மணி நேரம் இரண்டு குடும்பமும் 'நோ சிக்னல்' என்று காட்டிய டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மாட்டினார்கள். இருட்டு. அப்புறம் ஒரு மினுக்கல். அப்புறம் டிவி முழுக்கப் பீரங்கி.

அவன் கீபோர்டைத் தொடவில்லை. அவள் பக்கம் நகர்த்தினான். முதல் குண்டிலேயே அவள் செத்துப்போனாள். "இன்னொரு வாட்டி ஆடுங்க" என்றான். பத்து நிமிஷத்தில் பெண்ணின் அப்பாவே, "ரைட்ல அடிம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அக்காவிடம் திரும்பி, நாள் எப்போது பார்க்கலாம் என்று கேட்டார்.

எனக்கு அந்தப் பயலை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மடியில் கேசரித் தட்டு இருந்ததால் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டேன்.