பொலிவியாக்காரருக்கு ஓர் அறை

பாட்டுக்கு வார்த்தை எழுதுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. பாடுகிறவரைச் சொல்லவில்லை, அவரைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கிதார் வாசிக்கிறவரையும் சொல்லவில்லை, அவருக்குப் பின்னாலாவது இரண்டு பெண்கள் நடப்பார்கள். மேடையின் ஓரத்தில் திரையைப் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பாரே, அவரைச் சொல்கிறேன். சோவியத் காலத்து லெனின்கிராதில் எந்த ராக் கச்சேரிக்குப் போயிருந்தாலும் அப்படி ஒருவர் நின்றிருப்பார். மின்சாரம் பார்க்கிற ஆள் என்று நினைத்து நீங்கள் தாண்டிப் போயிருப்பீர்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. "எனக்குப் புகழெல்லாம் வேண்டாம்" என்று நாளைக்கு நாலு தடவை சொல்வார். கச்சேரிக்குப் போய் வந்தவரைப் பிடித்து, "நல்லா இருந்துச்சா, கூட்டம் வந்துச்சா, குளிரா இருந்துச்சா" என்று ஊரெல்லாம் சுற்றி வந்து, கடைசியில் "என் பேரைச் சொன்னாங்களா?" என்று கேட்பார். உருளைக்கிழங்கு வரிசையில் முன்னால் நிற்கிற அம்மாள் அவர் பாட்டை முணுமுணுத்தால் தோளைத் தட்டி, "ரெண்டாவது அடியை விட்டுட்டீங்க" என்பார். அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். எல்லாப் பாட்டையும் இரண்டே நிமிஷத்தில் எழுதியதாகச் சொல்வார். நாலு மாசம் ஆனது வீட்டுக்காரிக்குத் தெரியும். ஆனால் அவள் சொல்லமாட்டாள், அவளுக்கு அதைவிட வேலை இருக்கிறது.

இந்த வீட்டுக்காரியின் பெயர் லீதா. டிராம் ஓட்டுகிறவள். அவள் புருஷன் இன்னோகெந்தி ல்வோவிச் ஸருபின், வீட்டில் கேஷா. ஒருநாள் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போடுவான், மூன்று நாள் வீட்டில் கவிஞனாக இருப்பான். ஏழு குடும்பம், ஒரு சமையலறை, ஒரு கழிவறை உள்ள வீட்டில் இவர்களுக்குப் பதினாலு சதுர மீட்டரில் ஓர் அறை. அதை ஓர் அலமாரி இரண்டாகப் பிரித்தது. அலமாரிக்கு அந்தப் பக்கம் எட்டு வயசு மகள் ஆஸ்யா. லீதாவின் வயிற்றில் இன்னொன்று, மார்ச் மாசம் வரப்போகிறது. அந்தக் குழந்தையை எங்கே படுக்க வைப்பது? அலமாரி மேலேயா?

அப்போதுதான் மூலை அறையில் இருந்த கணக்கு டீச்சர் மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போனார். அறை காலி.

அதைக் கேட்டு, அறை ஒதுக்குகிற கமிஷனுக்கு இரண்டு பேர் விண்ணப்பம் போட்டார்கள். ஒன்று இவர்கள். இன்னொன்று எதிர் அறைப் பர்ஃபியோன் குஸ்மிச். தனி ஆள், தீயணைப்புப் படையின் பாண்டு வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதுகிறவர். சாதகம் பண்ண அறை வேண்டுமாம். அவரிடம் கலைஞர் என்று முத்திரை போட்ட சான்றிதழ் இருந்தது. மாடு கத்துகிற சத்தம்தான், ஆனாலும் முத்திரை குத்திய சத்தம்.

"கேஷா, உங்கிட்ட முத்திரை போட்டது ஏதாவது இருக்கா?" என்று லீதா கேட்டாள்.

"ஒரு தேசமே என் பாட்டைப் பாடுது."

"தேசம் வந்து கமிஷன்ல கையெழுத்துப் போடுமா? காகிதம் இருக்கான்னு கேட்டேன்."

இருந்தது. ஒரே ஒரு காகிதம். அதன் கதைதான் இந்த இனத்தின் கதை, அதனால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

அந்த நாளில் ஒரு பாட்டை மேடையில் பாட வேண்டுமானால் வார்த்தைகளைத் தட்டச்சு செய்து ஓர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அங்கே ஒரு மூக்குக்கண்ணாடி அம்மாள் படித்துப் பார்த்து முத்திரை குத்துவாள். கேஷா கொண்டுபோனது, கோட்டுப் பையில் குளிர்காலம் தூங்குகிறது, எழுப்பாதீர்கள் என்று ஒரு பாட்டு. அம்மாள் இரண்டு தடவை படித்தாள்.

"இந்தக் குளிர்காலம்னா யாரு?"

"குளிர்காலம்னா குளிர்காலம்தாங்க."

"இருவது வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன், தம்பி. கவிஞன் எழுதுற குளிர்காலம் குளிர்காலமா இருந்ததே கிடையாது. இது யாரு, எழுப்பக் கூடாதுங்கற?"

கேஷாவுக்கு அந்தக் கோட்டுக்குள்ளேயே வேர்த்தது. நல்லவன்தான், கோழையும்தான், ரெண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாதென்று எங்கே எழுதியிருக்கிறது?

"இது நான் எழுதினது இல்லைங்க. மொழிபெயர்ப்பு."

"எந்த ஊரு ஆளு?"

"பொலிவியா. சுரங்கத் தொழிலாளி. பேரு ஹசிந்தோ வர்கா."

"அங்க ஏதுப்பா குளிர்காலம்?"

"சுரங்கம் மலை உச்சியில இருக்குங்க."

பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், பயத்தில் பிறக்கிற பெயருக்கு ஊர் கிடையாது. டப்பென்று முத்திரை விழுந்தது. அதற்கு மேலே அம்மாளே அழகான கையெழுத்தில் எழுதினாள்: ஹ. வர்கா, பொலிவியா. மொழிபெயர்ப்பு இ. ஸருபின்.

பாட்டு தீயாகப் பிடித்துக்கொண்டது. மாணவர் விடுதியில் பாடினார்கள், ரயிலில் பாடினார்கள், ஒருமைப்பாட்டு நாளன்று வானொலியில்கூடப் போட்டார்கள். உடனே பொலிவிய நட்புறவுச் சங்கத்துக்காரர்கள் கேஷாவைத் தேடி வந்து, தோழர் வர்காவை இங்கே வரவழைக்க வேண்டும், முகவரி கொடுங்கள் என்றார்கள். கேஷா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து போய் வர்காவைக் கொன்றுவிட்டு வந்தான். சுரங்கம் இடிந்து விழுந்ததாம். சங்கத்தில் எல்லோரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள், கேஷாவும் நின்றான். கண்ணில் தண்ணீர் வந்ததென்று அவனே லீதாவிடம் ஒப்புக்கொண்டான்.

"எதுக்குடா அழுத?"

"நல்ல கவிஞன், லீதா. முப்பத்தெட்டு வயசு."

பள்ளிக்கூடத்தில் ஆஸ்யாவுக்கு அந்தப் பாட்டை மனப்பாடம் பண்ணக் கொடுத்தார்கள். வீட்டில் ஒப்பித்தபோது கேஷா பென்சிலும் கையுமாக உட்கார்ந்து திருத்தினான். "அப்பா, டீச்சர் இப்படித்தான் சொன்னாங்க, உனக்கு என்ன தெரியும்?" என்றாள் குழந்தை. லீதா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரி, இப்போது கமிஷனுக்கு வருவோம். சனிக்கிழமை காலை, கீழ்த்தளத்துக் கூட்ட அறை, சிவப்புத் துணி விரித்த மேஜை. தலைவி நோன்னா யெவ்லாம்பியெவ்னா, மூன்று வீதிகளுக்குமான சுவர்களும் கூரைகளும் அவள் கைப்பைக்குள் இருந்தன. பர்ஃபியோன் குஸ்மிச் சான்றிதழை நீட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார். பிறகு கேஷா எழுந்தான். உள்ளதைச் சொல்லிவிடுவதென்று காலையில் முகம் மழிக்கும்போதே முடிவு பண்ணியிருந்தான். லீதாவிடம் சொல்லவில்லை.

"கோட்டுப் பையில் குளிர்காலம், அந்தப் பாட்டு நான் எழுதினது," என்றான்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினாள். "வர்கா எழுதினது."

"வர்கான்னு ஒருத்தன் கிடையாது. நான் உண்டாக்கினது."

"இன்னோகெந்தி ல்வோவிச், அந்த மனுஷன் சுரங்கத்துல நசுங்கிச் செத்தார். நான் அன்னிக்குச் சங்கத்துல நின்னேன். உங்களுக்கு ரெண்டு ஆள் தள்ளி நின்னேன். நீங்க அழுதீங்க."

"என் பாட்டுதாங்க அது."

"காகிதம் இருக்கா?"

கேஷா காகிதத்தைக் கொடுத்தான். வேறு என்ன இருந்தது அவனிடம்? தலைவி படித்தாள், பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தாள், அவர் படித்தார். கடைசியாகப் பர்ஃபியோன் குஸ்மிச்சும் வாங்கிப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "செத்தவன் பாட்டைத் திருடுறதுக்கு ஒரு தைரியம் வேணும்பா."

லீதாவுக்கு மட்டும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் ஒரு வார்த்தை இவன் பேசினால் மூலை அறையில் டிராம்போன் ஊதும், மார்ச் மாசத்துக் குழந்தை அதைக் கேட்டுக்கொண்டு அலமாரியோடு வளரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நோன்னா யெவ்லாம்பியெவ்னா, மன்னிச்சுக்கங்க. அந்த மனுஷன் போனதுலேர்ந்து இவரு இப்படித்தான். ராத்திரி பகலா அவரோட கவிதையிலேயே கிடந்து, தான் யாரு அவர் யாருன்னே தெரியாமப் போச்சு. ஒரே அறை, ஒரே மேஜை, அதுலதான் சூப்பு, அதுலதான் குழந்தை எழுதறது. வர்காவோட கவிதை இன்னும் பதினொண்ணு மொழிபெயர்க்காமக் கிடக்கு. இவர் பண்ணலேன்னா யாரு பண்ணுவா?"

தலைவியின் கண் கலங்கிவிட்டது. "பதினொண்ணா? உண்மையா, இன்னோகெந்தி ல்வோவிச்?"

கேஷா மனைவியைப் பார்த்தான், அவள் வயிற்றைப் பார்த்தான், மேஜைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தான். ஆமாம் என்றால் அந்தப் பாட்டு இனி எந்தக் காலத்திலும் அவனுடையது இல்லை. இல்லை என்றால் அறை இல்லை.

"பதினொண்ணு இல்லீங்க," என்றான். "இருவத்திரண்டு."

பாருங்கள், பெயரை விட்டுக்கொடுத்துவிட்டான், எண்ணிக்கையை விட மனசு வரவில்லை. இந்த இனம் அப்படித்தான். நாலுக்கு ஒன்று என்ற ஓட்டில் அறை இவர்களுக்கு ஒதுக்கப்பட்டது, எதிராகக் கை தூக்கியவர் டிராம்போன்காரரின் பங்காளி.

மூலை அறையில் இப்போது தொட்டில் ஒன்றும் மேஜை ஒன்றும் இருக்கின்றன. இருபத்திரண்டு கவிதையை எழுதித்தானே ஆகவேண்டும், கேஷா உட்கார்ந்து எழுதினான். ஒரு விஷயம் சொன்னால் நம்பமாட்டீர்கள், வர்கா பேரில் எழுதியதெல்லாம் முன்னால் எழுதியதைவிட நன்றாக இருந்தது. பாராட்டை எதிர்பார்க்காத கை அல்லவா. பதினேழாவதைப் படித்துவிட்டு லீதா டிராமில் மூன்று நிறுத்தம் வரை அழுதாள். அவனிடம் சொன்னது, "இந்த ஆளு உன்னைவிடக் கெட்டிக்காரன்" என்று மட்டும்தான். கேஷாவுக்கு அன்று முழுக்கப் பொறாமை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நான் தடுக்கவில்லை. நீங்கள் பாட்டு எழுதுகிறவர் இல்லை, லெனின்கிராது பக்கம் போனவரும் இல்லை. ஆனால் போன வாரம் மேலதிகாரியிடம் போய், "எனக்கு ஒண்ணும் இல்லீங்க சார், மத்தவங்கதான் அப்படிப் பேசிக்கிறாங்க" என்று இழுத்தீர்களே, அந்த மத்தவங்க யார்? மாமியாரிடம் "உங்க புள்ளைக்குத்தான் இந்தக் குழம்பு பிடிக்கலையாம்" என்றீர்களே, அந்தப் புள்ளை எப்போது சொன்னான்? அந்த மத்தவங்களுக்கு ஒரு பேரும் ஊரும் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் யாராவது, "நாளைக்கு அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க, நேர்லயே பேசிடலாம்" என்று சொல்லிவிடுவார்கள்.