மாப்பிள்ளையின் காலர் டியூன்

ராஜாராம் செல்போனைக் காதிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரையில் கேசவன் பெயர்தான் இருந்தது. மறுபடி காதில் வைத்தார். வரப்போகிற மாப்பிள்ளையின் போனிலிருந்து மணிச்சத்தத்துக்குப் பதிலாக ஒரு பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது.

"நெஞ்சுக்குள்ள ஓட்டை விழுந்தா
கிளாசை வச்சு அடைச்சுக்கோ மாமு..."

டப்பாங்குத்து அடிக்கு நடுவில் சட்டென்று பாட்டு நின்று, "சொல்லுங்க மாமா" என்றான் கேசவன். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பது பற்றிப் பேசத்தான் ராஜாராம் கூப்பிட்டிருந்தார். அந்தப் பேச்சையே எடுக்காமல், சாப்பிட்டாச்சா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

வேறு எந்த மாமனாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ராஜாராம் அப்படிப்பட்டவர் இல்லை. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை. அங்கே இயந்திரத்தின் சத்தத்தை வைத்து நோயைச் சொல்வது போல, மனிதன் கேட்கிற பாட்டை வைத்து ஆளைச் சொல்லலாம் என்பது அவர் கட்சி. ஒரு கல்யாண வீட்டில் மணமக்கள் மாலை மாற்றும் நேரத்தில் ஸ்பீக்கரில் காதலி செத்துப்போன பாட்டு ஓட, பந்தியில் பாதி இலையில் எழுந்து எச்சில் கையோடு மைக்செட்காரரைத் தேடிப் போனவர் அவர். "காசு கொடுத்துச் சாப்பாட்டை ருசி பார்த்து வாங்கறோம். காதுக்குள்ள போறதை மட்டும் ஏன்யா பாக்கறதில்ல?" என்பார். டவுன்ஷிப்பில் அவர் வருவதைக் கண்டால் டீக்கடை ரேடியோவின் ஒலி தானாகக் குறையும்.

செல்போன் மகள் ஹரிப்ரியா வாங்கிக் கொடுத்தது. படூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து வாங்கிய முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு அது. மையத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் பகலெல்லாம் வீட்டு மேஜை டிராயரில் தூங்கும். வீட்டில் யாருக்கும் அந்த எண்ணைக் கூப்பிட வேண்டிய அவசியமே வந்ததில்லை. செல்போன் கம்பெனியிலிருந்து ஏதாவது பெண் குரல் வந்து ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று பிடுங்கினால், விட்டது சனியன் என்று கைக்கு அகப்பட்ட பட்டனை அழுத்தி வைத்துவிடுவார்.

"பாட்டுதானேங்க, யாரு அர்த்தம் பார்த்துட்டு வைக்கிறாங்க" என்றாள் மனைவி சாரதாம்பாள்.

"அர்த்தம் பார்க்காம வச்சிருந்தா அவன் மடையன். பார்த்து வச்சிருந்தா குடிகாரன். நீயே சொல்லு, எவனுக்குப் பொண்ணு குடுக்கறது?"

சாரதாம்பாள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். கூடத்து ஆணியில் காய்ந்த மாலை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் தள்ளிப்போகிறதே என்று திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்குப் போய், மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஹரிப்ரியா சுற்றிவந்த மாலை. கல்யாணம் ஆனதும் தம்பதியாகப் போய் அதைக் கோயிலில் சேர்க்க வேண்டும். பூவெல்லாம் உதிர்ந்து நாராகிவிட்ட பிறகுதான் கேசவன் ஜாதகம் வந்தது. எல்லாம் கூடிவரும் நேரத்தில் இந்தப் பாட்டு.

பாதிப் பாட்டை வைத்து ஆளை எடை போடுவது நியாயமில்லை என்று ராஜாராமுக்குத் தோன்றியது. முழுப் பாட்டையும் கேட்க வேண்டும். ஆனால் கேசவன் சட்டென்று எடுத்துவிடுகிறான். அதனால் அரை நாள் லீவு போட்டு, செங்கல்பட்டில் அவன் வேலை பார்க்கும் பாங்கில் கூட்டம் மொய்க்கிற நேரமாகப் பார்த்து அடித்தார். அவன் எடுக்கவில்லை. பாட்டின் அடுத்த அடி கிடைத்தது.

"கல்யாணம் ஒரு கண்ணிவெடி
காலை வச்சா காலி மாமு..."

பெண்ணைப் பெற்றவர் காதில் விழ வேண்டிய வரியா அது? உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது. இன்னொரு முறை அடித்தார். இன்னொரு முறையும். ஆராய்ச்சிக்காகத்தான். சாயங்காலம் கேசவன் பதறிப்போய்த் திருப்பி அழைத்தான். "இன்னா மாமா, இத்தனை மிஸ்டு கால் கீது, வூட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" பாக்கெட்டிலேயே பட்டன் அமுங்கிவிட்டது என்று ராஜாராம் புளுகினார். பெண் வீட்டுக்காரர் பாக்கெட் மத்தியானம் முழுக்க மாப்பிள்ளையை மட்டுமே கூப்பிட்டிருக்கிறது என்பதைக் கேசவன் மரியாதையாக நம்பினான்.

அதைவிடப் பெரிய சங்கடம் மறுநாள் குளியலறையில் நடந்தது. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ராஜாராம், "கிளாசை வச்சு அடைச்சுக்கோ மாமு" என்று முனகிக்கொண்டிருந்தார். வெளியே சாரதாம்பாள் சிரிக்கிற சத்தம் கேட்டுத்தான் அவருக்கே தெரிந்தது. அர்த்தம் தெரிந்து, அருவருத்து, அதற்குப் பிறகும் கால் தாளம் போடுகிறதே, இது எந்த ஊர் நியாயம் என்று துண்டைக் கட்டிக்கொண்டு யோசித்தார். காதுக்கும் மூளைக்கும் நடுவில் யாரோ கதவைத் திறந்துபோட்டு விட்டுப் போயிருக்க வேண்டும்.

அலுவலக கேன்டீனில் ஜெபகுமாரைப் பிடித்தார். ஜெபகுமார் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர், சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். வரிகளைச் சொல்லி, இப்படி ஒரு பாட்டை விரும்பி வைத்திருக்கிற மனுஷனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

ஜெபகுமார் இட்லியை அப்படியே வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இதைப் போய் நீங்களா சார் என்கிட்ட கேக்கறீங்க?"

"கூச்சப்படாம சொல்லுங்க."

"மனசுல ஏதோ பாரம் இருக்கும் சார். வெளியே சொல்ல முடியாம இருக்கும். நாங்க யாரும் தப்பா நினைக்கல சார். ஜெபம் பண்ணிக்கிறோம்."

மாப்பிள்ளைக்காக ஊரே ஜெபம் பண்ணுகிறதா என்று ராஜாராமுக்குச் சரியாக விளங்கவில்லை. ஆனால் 'பாரம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். பாரம் இருந்தால் அதை இறக்கி வைக்கிற இடமும் இருக்கும். சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினார்.

கேசவன் வீட்டுத் தெருமுனையிலேயே ஒயின் ஷாப் இருந்தது. ராஜாராம் வாழ்நாளில் அந்தக் கம்பி வலைக்கு முன்னால் நின்றதில்லை. மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நெட்டையாக, கண்ணாடி போட்ட ஒரு பையன் இங்கே வருவானா என்று உள்ளே இருந்த ஆளைக் கேட்டார்.

"அண்ணாத்த, குவார்ட்டரா ஆஃபா, அதைச் சொல்லு. பின்னால ஆளுங்க நின்னுகினு கீறாங்க."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். ஏதாவது வாங்கினால் ஆள் வாய் திறப்பான் என்று ராஜாராம் கணக்குப் போட்டு, விரல் போன போக்கில் ஒரு பாட்டிலைக் காட்டினார். பாட்டில் பைக்குள் வந்தது; தகவல் வரவில்லை. திரும்பியவர் எதிரே ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி வந்து நின்றது. அதில் இருந்தவர் கேசவனின் தாய்மாமன் செல்வராஜ்.

"இன்னா இது, நீங்களா? இம்மாந்தூரம் வந்தா வாங்கறீங்க?"

ஒருவரைத் தேடி வந்தேன் என்றார் ராஜாராம். பையில் பாட்டில் வீட்டுச் சாவியோடு இடித்து ஒரு சத்தம் போட்டது. செல்வராஜ் பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார். ராஜாராம் பாட்டிலைச் சாக்கடையோரம் வைத்துவிட்டு, இரண்டு பேர் அதற்குப் பாய்வதைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினார்.

அன்று மாலையே கேசவனின் தாயார் அமிர்தவல்லி வீட்டுப் போனில் கூப்பிட்டார். மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம், இப்போது லாரி இரண்டு ஓடுகிறது. சுற்றி வளைக்கத் தெரியாத அம்மாள். ஞாயிற்றுக்கிழமை திருவிடந்தைக் கோயிலுக்கு வாருங்கள், பெருமாள் முன்னால் ஒரு விஷயம் பேசித் தீர்க்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஹரிப்ரியாவுக்கு அப்போதுதான் முழுக்கதையும் தெரிந்தது. அவள் கத்தவில்லை. ஆணியில் இருந்த மாலையைப் பார்த்தபடி, "எனக்கு அவரைப் பிடிச்சிருக்குப்பா" என்றாள். "இத்தனை வருஷம் நீங்க அணைச்ச பாட்டுக்கெல்லாம் நான் ஒண்ணும் சொன்னதில்ல. இதை அணைச்சுடாதீங்க."

 எதையும் அழுது கேட்காத பெண் அவள். ஆனாலும் பாட்டு ராஜாராமை விடவில்லை.

கோயில் மண்டபத்தில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்தது. கேசவன் தலை குனிந்திருந்தான். செல்வராஜ்தான் ஆரம்பித்தார். பெண்ணைப் பெற்றவரை ஒயின் ஷாப் வாசலில் பையும் கையுமாகப் பார்த்ததாகவும், அப்படிப்பட்ட வீட்டில் சம்பந்தம் வேண்டுமா என்று அக்காளைக் கேட்டதாகவும் சொன்னார். சாரதாம்பாள் கணவரைப் பார்த்த பார்வையில் பெருமாளே பயந்திருப்பார்.

மானம் போன பிறகு மறைக்க என்ன இருக்கிறது. ராஜாராம் எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டினார். கடைக்குப் போனது குடிக்க இல்லை, மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிக்க என்றார். விசாரிக்கத் தூண்டியது அவர் போனில் ஓடுகிற பாட்டு என்றார். "பாட்டுதானேன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் அப்படி விட மாட்டேன். ஒரு மனுஷன் ஊர்க் காதுக்கெல்லாம் ஒரு பாட்டை ஊத்தறான்னா, அதை யோசிச்சு ஊத்தணும். என் பொண்ணு அந்த வீட்ல வாழப்போறவ. என் பயம் தப்பா?"

செல்வராஜ் வாயைத் திறந்தார். அமிர்தவல்லி கையை உயர்த்தி அவரை அடக்கினார். மகன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, எதையோ அழுத்தி, ராஜாராம் காதில் கொண்டுபோய் வைத்தார்.

நெஞ்சுக்குள்ள ஓட்டை விழுந்தா.

"இதுதாங்க. இந்தப் பாட்டேதான்" என்றார் ராஜாராம். "இப்ப யாருக்குப் போட்டீங்க?"

அதற்குள் அவருடைய மஞ்சள் பைக்குள் இருந்த செல்போன் டிரிங் டிரிங் என்று அடிக்க ஆரம்பித்தது.

"ஒங்க போனுக்கு அடிச்சா இது வருதேன்னு எங்களுக்கும் மொதல்ல பயம்தான் சம்பந்தி," என்றார் அமிர்தவல்லி, "எம்புள்ளதான், யோசிக்காம எந்தப் பாட்டையும் கேக்காத மனுசன் இதை வச்சிகினு கீறாருன்னா அதுல ஏதோ பெரிய அர்த்தம் இருக்கும்னு சொல்லி, ஒங்க மேல இருக்கிற மரியாதையில ஒங்க போன்லருந்து அதே பாட்டைத் தன் போன்லயும் எடுத்து வச்சிகினான்."